பதின்மூன்று அவுன்ஸ், ஆறு கெஜம்

எஃபி கால்டர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவளை நான் நம்பாமல் இருந்ததற்கு அதுவே போதுமான காரணம். ஸ்காட்லாந்தில் கிரீஃப் மாதிரி ஒரு சின்ன ஊரில், அடுத்தடுத்த தெருவில் நாற்பது வருஷம் வாழ்ந்தும் ஒருத்தி இன்னொருத்திக்குக் குண்டூசி அளவு கெடுதல்கூடச் செய்யவில்லை என்றால், மொத்தமாகச் செய்வதற்குச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். இதைச் சொன்னால் என் புருஷன் டூகல் சிரிப்பான். அவன் கூரைக்கு ஸ்லேட் கல் வேய்கிறவன். மேலே உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு மனுஷர்கள் எல்லாம் சின்னவர்களாகவும் நல்லவர்களாகவும்தான் தெரிவார்கள். நான் பேக்கரியில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவள். எனக்கு முகங்களைப் பக்கத்தில் பார்த்துப் பழக்கம்.

அந்த வருஷம் எங்கள் மகள் மோர்வெனுக்குப் பதின்மூன்று வயது. ஆறு வயதிலிருந்து ஆடுகிறாள். ஆகஸ்டு மாதம் எங்கள் ஊர் விளையாட்டு விழாவில் அவள் வயதுக்காரர்களின் ஆட்டப் போட்டியில் முதல் இரண்டு இடமும் எப்போதும் இரண்டே பேருக்குத்தான். ஒருத்தி மோர்வென், இன்னொருத்தி லோர்னா. முறை வைத்த மாதிரி ஒரு வருஷம் இவள் முதல், மறு வருஷம் அவள் முதல். ஆனால் அந்த வருஷம் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் மிஸ் பெத்யூன் ஒரு குண்டைப் போட்டார். அடுத்த கோடையில் கனடாவில் நோவா ஸ்கோஷியாவில் நடக்கிற விழாவுக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிப்போகிறாராம். ஒரே ஒரு பெண். ஆகஸ்டில் இந்த இருவரில் யார் மேலே வருகிறாளோ, அவள். மோர்வென் அன்றைக்கே கனடா வரைபடத்தைத் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டாள். தூங்கப்போகுமுன் ஊர்ப் பெயர்களைப் படிப்பாள். அதைக் கேட்டுக்கொண்டு வாசற்படியில் நிற்பேன். அவளுக்கு அது கிடைத்தே ஆகவேண்டும் என்று நினைத்தேன். வேறு எதையும் அந்த வருஷம் நான் நினைக்கவில்லை.

லோர்னாவின் அம்மாதான் எஃபி கால்டர். ஆட்டத்துக்குக் கட்டுகிற கம்பளி மடிப்புப் பாவாடையான கில்ட்டை எங்கள் ஊரில் தைக்கிற ஒரே ஆளும் எஃபி கால்டர்தான்.

குளிர்காலத்துக்குள் மோர்வென் மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டாள். பழைய கில்ட்டில் வளர்ச்சிக்கென்று உள்ளே மடித்து வைத்திருந்த துணியை முந்தின வருஷமே இறக்கியாயிற்று. இனி இறக்க ஒன்றுமில்லை. முட்டிக்கு மேலே ஒரு சாண் தெரிகிற கில்ட்டோடு மேடை ஏறினால் நடுவர்கள் ஆட்டத்தையா பார்ப்பார்கள்? பெர்த்தில் இருக்கிற தையல்காரர் அடுத்த வசந்தத்தில் வரச் சொன்னார். எடின்பரோவில் கேட்டால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். வேறு வழியில்லாமல் மே மாதம் ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு எஃபி வீட்டுக்குப் போனேன். பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கப் போகிறோம் என்று தெரிந்தேதான் போனேன்.

எஃபி ஒல்லி. வாயில் எந்நேரமும் குண்டூசி இருக்கும், அதைக் கடித்தபடியே பேசுவாள். முன்னறை முழுக்க இஸ்திரி ஆவியும் நனைந்த கம்பளி நாற்றமும். நாங்கள் போனதும் அளவு நாடாவை எடுப்பாள் என்று பார்த்தால், கீழே கிடந்த விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு மோர்வெனைத் தாவிக் காட்டச் சொன்னாள். மோர்வென் தாவினாள். விளக்கு ஆடியது. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று மூன்று முறை. எஃபி குழந்தையின் காலைப் பார்க்கவே இல்லை. கில்ட்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் மண்டியிடச் சொல்லி, இடுப்பிலிருந்து தரைவரை அளந்தாள். இடுப்புச் சுற்றளவு, அதற்குக் கீழே பின்பக்கச் சுற்றளவு எல்லாம் எடுத்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்தாள்.

“பதின்மூணு அவுன்ஸ் துணி. ஆறு கெஜம்,” என்றாள்.

எனக்கு உடனே உறைத்தது. ஆடுகிற பெண்கள் பத்து, மிஞ்சினால் பதினொன்று போடுவார்கள். பதினாறும் அதற்கு மேலும் மழையில் நின்று பேக்பைப் வாத்தியம் ஊதுகிற ஆண்களுக்கு. பதின்மூன்று என்பது கல்யாணத்துக்கு வருகிற மாமாக்கள் கட்டுவது. லோர்னாவின் கில்ட் எவ்வளவு என்று கேட்டேன். பத்து அவுன்ஸ், ஐந்து கெஜம் என்று கொஞ்சமும் மறைக்காமல் சொன்னாள். கூசாமல் சொல்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“லோர்னா குருவி மாதிரி, ஷீனா. அவ எழும்பறதே தெரியாது. கனத்த துணி போட்டா அசையவே அசையாது. உன் பொண்ணு கூரையைத் தொடறா. அவளுக்கு லேசா போட்டா, கால் கீழ வந்த பிறகும் துணி மேலயே நிக்கும். காலும் துணியும் ஒண்ணா இறங்கணும். நடுவர் பாக்கறது அதைத்தான்.”

ஆறு கெஜத்துக்கும் ஒரு காரணம் சொன்னாள். மோர்வென் கட்டுகிற நீலமும் வெள்ளையுமான டார்ட்டன் கட்டத் துணியில் கட்டங்கள் பெரிது. ஒவ்வொரு மடிப்பும் ஒரு முழுக் கட்டத்தை விழுங்கும். அப்படி மடித்தால்தான் பின்பக்கத்தில் கட்டம் உடையாமல் ஓடும். மோர்வெனின் சுற்றளவுக்கு ஆறு வேண்டும், ஐந்து பற்றாது என்றாள். எல்லாவற்றுக்கும் தயாராகப் பதில் வைத்திருந்தாள். எனக்குத் தயாரான பதில்கள் பிடிக்காது.

எஃபி துணி வாங்கித் தரமாட்டாள். துணி உங்கள் பாடு, தையல் என் பாடு என்பது அவள் வழக்கம். வாடிக்கைக்காரர்களே மில்லுக்குச் சொல்லி வரவழைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு அட்டையில் கனமும் கெஜமும் எழுதிக் கையில் கொடுத்தாள்.

மறுநாள் பேக்கரியில் ரொட்டிப் பையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மில்லில் துணி இரட்டை அகலத்தில் வரும். அதை நடுவில் கிழித்து இணைத்துத் தைத்தால்தான் ஆறு கெஜம், வாங்குவது மூன்று. கனம் சொல்வது அந்த இரட்டை அகலத்தில் ஒரு கெஜத்துக்கு. ஆக மோர்வெனுக்கு முப்பத்தொன்பது அவுன்ஸ். லோர்னாவுக்கு இருபத்தைந்து. வித்தியாசம் பதினான்கு அவுன்ஸ். கிட்டத்தட்ட இரண்டு பாக்கெட் வெண்ணெய். என் குழந்தையின் இடுப்பில் இரண்டு பாக்கெட் வெண்ணெயைக் கட்டிவிட்டு, தன் மகளோடு போட்டிக்கு விடுகிறாள் அந்த மகராசி.

சாயங்காலம் உண்மையிலேயே கட்டிப் பார்த்தேன். டூகலின் கழுத்துத் துண்டில் இரண்டு பாக்கெட்டைச் சுருட்டி மோர்வென் இடுப்பில் முடிந்து, சமையலறையில் தாவச் சொன்னேன். தாவினாள். பாதிதான் எழும்பினாய் என்று சொன்னேன். உருளைக்கிழங்குக் கூட்டைத் தின்றுகொண்டிருந்த டூகல் தலையைத் தூக்கி, எப்போதும் தொடுகிற உத்தரத்தைத்தான் தொட்டாள், நான் பார்த்தேனே என்றான். உன்னை யாரும் கேட்கவில்லை, தட்டைப் பார்த்துச் சாப்பிடு என்றேன்.

திங்கட்கிழமை மில்லுக்குப் போன் செய்து, பத்து அவுன்ஸ், ஐந்து கெஜத்துக்குப் போதுமான துணி என்று சொன்னேன். எதிர்முனையில் இருந்த பெண் தைக்கிறவர் சொன்ன அளவுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எஃபியின் அட்டையை ரொட்டி அடுப்பில் போட்டேன். அது எரிந்ததைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஜூனில் துணி வந்தது. அதோடு மாதிரிக்கு ஒரு துண்டும் வைத்திருந்தார்கள், அதை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டுத் துணியை எஃபியிடம் கொண்டுபோனேன். அவள் ஓரத்தை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தாள். முழங்கை மேல் போட்டுத் தொங்கவிட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“மில்லுல தப்பா அனுப்பிட்டாங்களா?”

“பதின்மூணு தீந்துபோச்சாம். இதுதான் இருந்துச்சாம்.”

“கெஜமும் தீந்துபோச்சாமா?”

அவள் துணியைப் பழையபடி மடித்தாள். அப்புறம், சரி, வைத்துவிட்டுப் போ என்றாள். அவ்வளவுதான். ஒரு வாக்குவாதம் இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசித்தேன். ஏன் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாள்? சண்டை போட்டிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஒருவேளை பத்து அவுன்ஸ்தான் அவள் விரித்த வலையோ? ஷீனா நான் சொல்வதை நம்பமாட்டாள், நான் கனமானதைச் சொன்னால் அவள் லேசானதைத்தான் வாங்குவாள் என்று கணக்குப் போட்டு, வேண்டுமென்றே பதின்மூன்று என்று சொல்லியிருப்பாளோ? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அந்தக் கோடை முழுவதும் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது.

மோர்வெனையும் விட்டுவைக்கவில்லை. ஆட்ட வகுப்பு முடிந்து அவளும் லோர்னாவும் ஒன்றாக நடந்து வருவது வழக்கம், ஒரே பொட்டலம் உருளை வறுவலைப் பகிர்ந்து தின்றுகொண்டு வருவார்கள். இனி தனியாக வா என்று சொல்லிவிட்டேன். எஃபி ஆன்ட்டி என்ன சொன்னாலும் தலையாட்டாதே, அவள் முதலில் லோர்னாவுக்கு அம்மா, அதற்குப் பிறகுதான் தையல்காரி என்றும் சொன்னேன். எஃபி ஆன்ட்டி அப்படிச் செய்யமாட்டாங்க என்று முதலில் என்னோடு மல்லுக்கு நின்றாள். ஜூலை முடிவதற்குள் மல்லுக்கு நிற்பதை நிறுத்திவிட்டாள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்.

எஃபி வீட்டு வழியாகப் போக எனக்குத் தினமும் ஏதாவது காரணம் கிடைத்தது. ஒருநாள் ஜன்னலில் நீலமும் வெள்ளையுமாய்த் துணி தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். எஃபி என்னைப் பார்த்தாள், எழுந்து வந்து திரையை இழுத்து மூடினாள். வெயில் பட்டால் சாயம் போகும் என்று மூடினாளாம், பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை காலையில் எஃபி பேக்கரிக்கு வந்து, பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தைக் கல்லாமேல் வைத்தாள். மடிப்பு கலையாமல் இருக்க ஓரத்தில் வெள்ளை நூல் ஓட்டியிருக்கிறது, அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரித்தால் போதும் என்றாள். இறைச்சி வைத்த பேஸ்ட்ரி இரண்டு வாங்கிக்கொண்டு போனாள். மோர்வென் ஒத்திகைக்குப் போயிருந்தாள், நாலு மணிக்குத்தான் வருவாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பொட்டலத்தோடு வீட்டுக்கு ஓடினேன்.

பிரித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பின்பக்கத்தில் கட்டங்கள் ஒரு இழை பிசகாமல் ஓடின. ஆனால் தூக்கும்போதே கை சொன்னது. ஜாம் செய்ய வைத்திருக்கிற தராசில் வைத்தேன். நாற்பத்தைந்து அவுன்ஸ். என் துணி இருபத்தைந்து, உள்துணியும் வார்களும் கொக்கிகளும் ஆறு என்று வைத்தால்கூட முப்பத்தொன்றுக்கு மேல் போகக்கூடாது. பதினான்கு அவுன்ஸ் அதிகம். எங்கிருந்து வந்தது?

கனமான திரைச்சீலை தைக்கிறவர்கள் அடியில் ஈயத் துண்டு வைத்துத் தைப்பார்கள். என் தலையில் அதுதான் மின்னியது. என் மகளின் கில்ட்டுக்குள் ஈயம் வைத்திருக்கிறாள். நாற்பது வருஷமாகச் சேர்த்து வைத்தது இதுதான் என்று நினைத்தேன். கத்தரிக்கோலை எடுத்தேன்.

உள்துணியைப் பிரித்தேன், ஒன்றுமில்லை. அதற்கடியில் இருந்த முரட்டுத் துணியைப் பிரித்தேன், ஒன்றுமில்லை. அப்படியானால் மடிப்புகளுக்குள்ளேதான். நெருக்கித் தைத்திருந்த மடிப்புகள் விரலுக்கு வழிவிடவில்லை. கத்தரிக்கோலின் முனையை உள்ளே விட்டு அழுத்தினேன். கர்ரென்று சத்தம் வந்தது. புரட்டிப் பார்த்தால் வெளிப்பக்கத்தில், பின்புறத்தின் நட்ட நடுவில், இரண்டு மடிப்புகளைத் தாண்டி நாலு அங்குலத்துக்குத் துணி வாயைப் பிளந்திருந்தது.

உள்ளே ஈயம் இல்லை. கனத்துக்கு வைத்த காசும் இல்லை. துணிக்குள் துணி, அதற்குள் துணி, அவ்வளவுதான். வெட்டுப்பட்ட ஓரத்தைத் தொட்டேன். தடிமனாக இருந்தது. ஓடிப்போய் இழுப்பறையிலிருந்து மில்லின் மாதிரித் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றில்லை. மடிப்புகளை எண்ணினேன். ஐந்து கெஜத்தில் அத்தனை மடிப்பு வராது. எஃபி என் துணியைத் தொடவே இல்லை. பதின்மூன்று அவுன்ஸ், ஆறு கெஜம், தானே வரவழைத்துத் தைத்திருக்கிறாள்.

நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. வேறொன்றும் இல்லை, வெறும் பயம்.

சாயங்காலம் எஃபி வீட்டுக் கதவை லோர்னாதான் திறந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்து ஒதுங்கி நின்றாள். எஃபி கில்ட்டை மேஜைமேல் விரித்து, வெட்டின் நீளத்தை விரலால் தடவினாள்.

“உள்ள என்ன தேடினே?”

“ஈயம்.”

அவள் சிரித்திருக்கலாம். கத்தியிருக்கலாம், செருப்பால் அடித்திருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். மில்லுக்கு அன்றைக்கே போன் செய்தாளாம். பதின்மூன்று எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது என்றார்களாம். என்னுடைய லேசான துணியை லோர்னாவின் அடுத்த கில்ட்டுக்கு வைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த நிலைமையிலும் கேட்டேன், என் வாய் அப்படி.

“சொன்னா நீ ஒத்துக்குவியா?”

“உன் பொண்ணு ஜெயிக்கணும்னு உனக்கு இல்லையா, எஃபி?”

“இருக்கு. நல்லா இருக்கு. ஆனா ஆடறது யாரா இருந்தாலும், இதைத் தச்சது யாருன்னுதான் மேடைக்குக் கீழ கேப்பாங்க. கோணலா ஒண்ணைத் தச்சு வெளிய அனுப்பிட்டு நான் தெருவுல நடக்கணுமா?”

இதைத் தைத்துச் சரிசெய்ய முடியாதா என்று கெஞ்சினேன். தைத்தால் தழும்பு தெரியும், முதல் தாவலிலேயே பிரியும் என்றாள். ஏழு கெஜம் இருந்திருந்தால் வெட்டுப்பட்ட மடிப்புகளை உள்ளே தள்ளி வேறு மடிப்பு எடுக்கலாம். ஆறில் இடமில்லை. மில்லிலிருந்து வேறு துணி வர மூன்று வாரம் ஆகும். பிறகு அலமாரியைத் திறந்து, ஜூனில் நான் கொண்டுவந்து கொடுத்த துணியை, மடிப்புக்கூடக் கலையாமல், எடுத்து என் முன்னால் போட்டாள்.

“நீ கேட்டது இருக்கு. மூணு நாள்ல இதைத்தான் தைக்க முடியும். அஞ்சு கெஜத்துல கட்டம் ஓடாது, பின்னாடி வெறும் கோடுதான் வரும். தாவினா மேலயே நிக்கும். நான் முடிஞ்சதைப் பண்றேன்.” கதவருகே வந்ததும் இன்னொன்றும் சொன்னாள். “மோர்வென்கிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியது நீ.”

சொல்லவில்லை. வியாழக்கிழமை சொல்லலாம் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமை, விழாவுக்கு முன் குழந்தையின் மனதைக் கலைக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மூன்று நாளும் லோர்னா தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தாளாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள்தான் கில்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போனாள்.

மோர்வென் அவ்வளவு நன்றாக ஆடி நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லியே ஆகவேண்டும். பைப் ஊதத் தொடங்கியதும் நின்ற இடத்திலேயே எழும்பினாள், மேடைப் பலகைக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. ஆனால் அவள் கால் இறங்கியபோது கில்ட் இறங்கவில்லை. குடை மாதிரி விரிந்து மேலேயே நின்று, அடுத்த தாவலுக்கு அவள் கிளம்பும்போதுதான் கீழே வந்தது. ஒவ்வொரு தாளத்துக்கும் அரைத் தாளம் பின்னால் துணி வேறொரு ஆட்டம் ஆடியது. காற்று வேறு. அவளுக்கே அது தெரிந்து, கையால் தொடக்கூடாதென்பதால் இடுப்பைக் கொஞ்சம் இறுக்கினாள். அந்த இறுக்கம் காலில் தெரிந்தது. நடுவரின் பென்சில் அசைவதைப் பார்த்தேன். அடுத்து லோர்னா ஆடினாள். குருவி மாதிரிதான். காலும் துணியும் ஒன்றாக இறங்கின.

லோர்னா முதல். ஒன்றரைப் புள்ளி வித்தியாசத்தில் மோர்வென் இரண்டாவது. ஒலிபெருக்கியில் அறிவித்தபோது மிஸ் பெத்யூன் லோர்னாவின் தோளில் கை வைத்தார். கனடா அந்தப் பக்கம் போயிற்று.

கூடாரத்துக்குப் பின்னால் மோர்வென் என் மார்பில் முகத்தைப் புதைத்து விக்கி விக்கி அழுதாள். சுற்றி மற்ற அம்மாக்கள் நின்றார்கள், எல்லாரும் என் பேக்கரிக்கு வருகிறவர்கள்.

“நீ சொன்னப்ப நான் நம்பலைம்மா. எஃபி ஆன்ட்டி வேணும்னேதான் இப்படித் தச்சிருக்காங்க. லோர்னா ஜெயிக்கணும்னு.”

ஒருத்தி உச்சுக் கொட்டினாள். இன்னொருத்தி, பின்னால் கட்டம்கூட ஓடவில்லையே, நானும் கவனித்தேன் என்றாள். பத்தடி தள்ளி எஃபி நின்றுகொண்டிருந்தாள். லோர்னாவின் ஆட்டச் செருப்பு அவள் கையில் இருந்தது. எல்லாம் அவள் காதில் விழுந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை, செருப்பின் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும். ஊர் முழுக்க என் பக்கம்தான் இருந்திருக்கும், அடுத்த கோடைக்குள் எஃபிக்கு ஊசி பிடிக்க வேலை இருந்திருக்காது. இப்படி ஒரு நாளுக்காகத்தான் நான் கோடை முழுக்கக் காத்திருந்தேன் என்று சொன்னால்கூடத் தப்பில்லை. அது கைக்கு வந்தபோது எனக்கு வேண்டாமல் போயிற்று.

“எஃபி சரியாத்தான் தச்சாங்க,” என்றேன். “நல்ல துணியில, ஆறு கெஜத்துல. அதை நான் வெட்டிட்டேன். இது நான் வாங்கின துணி.”

எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை எரித்தது, மில்லிடம் பொய் சொன்னது, எஃபியிடம் பொய் சொன்னது, ஈயம் தேடியது, மூன்று நாள் மறைத்தது. பேசப் பேச அந்த அம்மாக்கள் ஒவ்வொருத்தியாகத் தங்கள் பிள்ளைகளின் பைகளைத் தேடிக்கொண்டு நகர்ந்தார்கள். மோர்வெனின் அழுகை நின்றுவிட்டது. அழுதுகொண்டே இருந்திருக்கலாம். என் மார்பிலிருந்து முகத்தை எடுத்து, ஒரு எட்டுப் பின்னால் வைத்து, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எஃபியிடம் போய் ஏதோ சொன்னாள். எஃபி அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை, எந்த முகத்தோடு போவது?

காரில் திரும்பும்போது டூகல் வண்டி ஓட்டினான். நான் அவன் பக்கத்தில். மோர்வென் பின்னால். வீடு நெருங்கும்போது அவள் கேட்டாள்.

“எனக்கு ஒன்பது வயசுல பெர்த் போட்டிக்குப் பேர் கொடுக்க முடியலையே. கடைசித் தேதி முடிஞ்சுபோச்சுன்னு சொன்னே. நிஜமாவே முடிஞ்சிருந்துச்சா?”

“முடிஞ்சிருந்துச்சும்மா.”

அது உண்மை. அந்த வருஷம் தபால்காரர்கள் வேலைநிறுத்தம், நான் சரியான நாளில் அனுப்பிய கடிதம் இரண்டு வாரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது. அதற்காக நான் அன்றைக்கு அழுதேன்கூட. கண்ணாடியில் மோர்வெனின் கண்கள் என் முகத்திலேயே இருந்தன. நான் எஃபியைப் பார்த்த பார்வை அது, எனக்குத் தெரியாதா?

“அப்பா,” என்றாள், “நிஜமா?”

டூகல் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.